சம்பளத்துக்கு வெளியே தெரிந்த பலம்

1917-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய நிதித்துறை அதிகாரி ஒருவர் வேலையை விட்டார். புதிய வேலையில் சம்பளம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வயது 28. நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பிடித்து உள்ளே வந்தவர், அலுவலகத்திலும் நல்ல பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் ஏன் விலக வேண்டும்?

அவர் சி. வி. ராமன். திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். மாணவராக இருக்கும்போதே, 1906-இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வந்துவிட்டது. ஆனால் அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்த வழியில்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், அந்தக் குளிரை உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1907-இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார்.

அடுத்து அவர் செய்ததுதான் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டியது. கல்கத்தாவின் பௌபஜார் பகுதியில், 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அறிவியல் சங்கம் ஒன்று இருந்தது. அதன் ஆய்வுக்கூடம் அதிகம் பயன்படாமல் கிடந்தது. ராமன் அங்கே அனுமதி வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் ஆய்வு செய்தார். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பி மறுபடி அதே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். அரசு வேலையில் இருந்த பத்தாண்டுகளில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன.

எதை ஆராய்ந்தார் என்பதிலும் ஒரு தெளிவு இருக்கிறது. பெரிய கருவிகள் இல்லாத இடத்தில், நரம்புகளின் அதிர்வையும் இசைக்கருவிகளின் ஒலியையும் எடுத்துக்கொண்டார். அப்பா சந்திரசேகர ஐயர் இயற்பியல் ஆசிரியர், வயலினும் வாசிப்பவர். வீட்டில் கேட்டு வளர்ந்த ஒலி மகனுக்கு ஆய்வுப் பொருளானது. 

எனவே, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் முகர்ஜி பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது, ராமன் இருட்டில் குதிக்கவில்லை. தன்னால் என்ன முடியும் என்பதற்குப் பத்தாண்டு சான்று கையில் இருந்தது. அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. போக முடியாது என்று அவர் சொல்ல, பல்கலைக்கழகம் அதைத் தளர்த்தியது. தன் மதிப்பை அறிந்தவரால்தான் அப்படிப் பேச முடியும். 1928-இல் ஒளிச் சிதறலில் அவர் கண்ட ராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு.

நன்றாகச் செய்ய முடிகிற வேலை வேறு, ஒருவருடைய பலம் வேறு. நம் வீடுகளில் இந்த இரண்டும் எளிதில் குழம்பிவிடுகின்றன. கணக்கில் நூறு வாங்கிய பிள்ளைக்குப் பொறியியல் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு அலுவலகத்தில் ஆண்டுதோறும் அப்ரைசல் நடக்கிறது. நிறுவனத்துக்குத் தேவையானதைத்தான் அது அளக்கும்; ஊழியர் வேறு எதில் சிறப்பார் என்று தேடுவது அதன் வேலை அல்ல. அந்தத் தேடலை அவரவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு ஓர் எளிய வழியை வியன்னாவில் பிறந்த நிர்வாகவியல் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் 1999-இல் எழுதிய கட்டுரையில் சொன்னார். முக்கியமான ஒரு முடிவையோ வேலையையோ எடுக்கும்போது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என எழுதி வைக்க வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து, நடந்ததோடு அதை ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்கே பலம், எங்கே சறுக்கல் என்பது தெரியவரும் என்றார் அவர். நினைவை மட்டும் நம்பினால், நடந்து முடிந்ததைத்தான் முதலிலிருந்தே எதிர்பார்த்தோம் என்று மனம் சாதிக்கும். எழுத்தில் இருப்பதை அது மாற்ற முடியாது. இதற்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகம்தான் என்பதால், கடை நடத்துபவரும் செவிலியரும் பள்ளி ஆசிரியரும்கூடச் செய்து பார்க்கலாம்.

பலம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கும் டிரக்கரின் வாழ்க்கையே சான்று. 1930-களில் லண்டனில் முதலீட்டு வங்கித் தொழில் அவருக்கு நன்றாகவே கைவந்தது. ஆனால் அவர் மதித்தது மனிதர்களை; வெறும் பணத்தைக் கையாள்வதில் பொருள் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. பொருளாதார மந்தத்தின் நடுவில், கையில் வேறு வேலை இல்லாமலே விலகினார்.

எல்லோராலும் அப்படி விலக முடியாது. விலகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. வீட்டு வாடகையும் பெற்றோர் மருந்துச் செலவும் தலைமேல் உள்ளவருக்கு ராமனின் முதல் பத்தாண்டுப் பாதை பொருந்தும்: சம்பளம் வரட்டும், ஒரு மணி நேரமாவது தனக்கென்று இருக்கட்டும்.

இதில் இன்னொரு கடினமான பகுதி உண்டு. பலம் இருப்பது உரிய ஆட்களுக்குத் தெரிய வேண்டும். 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜன், கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் செலுத்தாமல் கல்லூரித் தேர்வில் தோற்றவர். சான்றிதழ் அவருக்காகப் பேசாது. அதனால் தன் முடிவுகளையே கடிதமாக எழுதிக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு அனுப்பினார். பேக்கரும் ஹாப்சனும் உதவ முன்வரவில்லை. 1913 ஜனவரியில் அவர் அடுத்த கடிதத்தை எழுதினார். அது அங்கேயே இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குப் போனது; அவர் அதன் மதிப்பை உணர்ந்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. எழுத்தர் வேலை முடிவுக்கு வந்தது.