ஊர்ச் சுவருக்கு யார் பணம் தருவது?

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்கு நாள் குறித்ததும் முதல் வேலை, வரி பிரிப்பது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்யும். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, பந்தல், சுடலைமாடன் பீடத்துக்கு வெள்ளையடிப்பது எல்லாம் அந்தப் பணத்தில்தான். கொடை முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு ஊருக்கு முன்னால் வந்தாக வேண்டும். பலர் சேர்ந்து பொது இடத்தில் கலை செய்யப் பணம் திரட்டுவது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல.

சுவரோவியத்துக்கும் புகைப்படத்துக்கும் அப்படி வரி பிரிப்பதில்லை. அதற்கு வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

அவற்றில் ஒன்று பெங்களூருவில் இருக்கிறது. 1993-இல் தொடங்கப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், 1995 முதல் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நிதி தந்துவருகிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். நம் ஓவியர்கள் பலர் ஆங்கிலத்துக்குப் பயந்தே ஒதுங்கிவிடுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்களின் ‘புராஜெக்ட் 560’, பெங்களூரு நகரையும் அதன் தெருக்களையும் மக்களையும் சார்ந்த கலை முயற்சிகளுக்கானது. அந்நகரின் அஞ்சல் எண்கள் 560 என்று தொடங்குவதால் அந்தப் பெயர். நெல்லைக்கு 627. இங்கும் அப்படி ஒன்று வேண்டும்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு. நிறுவனம் கைகொடுத்த சுவர்களும் உண்டு: சென்னையில் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020-இல் பெரிய ஓவியங்கள் எழுந்தன. ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, ஏசியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி மூன்றும் கைகோத்த வேலை அது.

ஆனால் கிடைக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? இதில் கவனிக்க வேண்டிய முன்னுதாரணம் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. அங்கே வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் சுவரில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கிய ‘கிரேட் வால்’, ஏறத்தாழ 840 மீட்டர் நீளத்துக்குக் கலிஃபோர்னியாவின் வரலாற்றைச் சொல்கிறது. ஐந்து கோடைகளில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் வரைந்தார்கள். சிறார் வழக்குகளில் சிக்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் தொண்டர்களாக வரவில்லை, கூலி வாங்கி வேலை செய்தார்கள். வெயிலும் வெள்ளமும் அரித்த ஓவியம் 2011-இல் சீரமைக்கப்பட்டது. அதை மேலும் நீட்டிக்க 2021-இல் மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் தந்தது.

சீரமைப்புச் செலவு நமக்கு அவர்களைவிட முக்கியம். குறுக்குத்துறை முருகன் கோயிலையே மூழ்கடிக்கும் ஆறு தாமிரபரணி. 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. படித்துறைச் சுவரில் வரைகிறவர்கள் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூலியும் அப்படித்தான். பத்தமடைப் பெண்கள் கோரையைக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, பாய் நெய்து பிழைக்கிறவர்கள். ஓர் ஓவியர் அவர்களோடு சேர்ந்து ஊர்ச் சுவரில் வரையத் திட்டம் போட்டால், பெயின்ட், சாரம், ஓவியர் சம்பளம் இவற்றுக்கு முன்பாக, தறியை விட்டு அவர்கள் எழுந்துவரும் ஒவ்வொரு நாளுக்குமான கூலி செலவுப் பட்டியலில் ஏற வேண்டும்.