நுங்கம்பாக்கத்தில் பிடிபட்ட ‘ஆசியா’

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களில் 67-ஆம் எண் கொண்டதன் பெயர் ஆசியா. சுமார் 60 கி.மீ. குறுக்களவுள்ள பாறை. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆண்டு ஆகிறது. இதைக் கண்டுபிடித்த இடம் சென்னை, நுங்கம்பாக்கம்.

1801-இல் சிசிலித் தீவில் பியாசி முதல் சிறுகோளான செரெசைக் கண்டார். அடுத்த அறுபது ஆண்டுகளில் பட்டியலில் ஏறிய 66 சிறுகோள்களும் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கண்டவைதான். இந்த நிலையில்தான் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்க இங்கிலாந்திலிருந்து நார்மன் போக்சன் வந்து சேர்ந்தார். விண்மீன்களின் ஒளித்தரத்தில் 5 படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு வித்தியாசம் என்று 1856-இலேயே வரையறுத்தவர் அவர். இன்றும் வானியலாளர்கள் அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வானத்தைப் படம்பிடித்துச் சிறுகோள் தேடும் வசதி அப்போது கிடையாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்து, தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் கையிலுள்ள விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால், மறுநாளும் பார்க்க வேண்டும். இடம் மாறியிருந்தால் அது சிறுகோள். அப்படி 1861 ஏப்ரல் 17 அன்று போக்சனுக்குச் சிக்கியதே ஆசியா.

சிறுகோள்களுக்குப் பெண் தெய்வங்களின் பெயர் வைப்பது அன்றைய வழக்கம். ஆசியா கிரேக்கப் புராணத்தில் வரும் கடல் தேவதை. புரோமீதியசின் தாய் என்று ஒரு கதை சொல்கிறது, மனைவி என்கிறது இன்னொன்று. ஆனால் போக்சன் அந்தப் பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம், ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் இது என்பதுதான். வழக்கமும் கெடாமல், கண்ட இடத்தின் அடையாளமும் போகாமல் வைத்த பெயர். இதைவிடப் பொருத்தமான சிறுகோள் பெயர்கள் அதிகம் இருக்க முடியாது.

சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகியவற்றையும் போக்சன் சென்னையிலிருந்தே கண்டார். இவற்றில் சில்வியாவை இரண்டு குட்டி நிலாக்கள் சுற்றிவருவது 2005-இல் தெரியவந்தது. இரண்டு நிலாக்கள் கொண்டதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே.

இந்த வானாய்வகத்தின் பெருமை போக்சனோடு முடிந்துவிடுவதில்லை. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் பெயரையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1885-இல் வேராவைக் கண்ட பிறகு இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கண்டறியப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1988-இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் அதைக் கண்டார். 4130 என்ற எண் கொண்ட அதன் பெயர் ராமானுஜன்.