ஊழியக்காரர் வீட்டுச் செலவு யார் பொறுப்பு?

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பக்கம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு நாட்டுச் சேவலை எடுத்தவர் அதைத் திரும்பவும் சபைக்கே கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். பூசணிக்காய் ஒன்று கடை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். கொடுக்கிற மனசு இந்தச் சனங்களுக்கு எப்போதும் உண்டு. அந்தப் பணம் ஆலயக் கட்டடத்துக்கோ ஒலிபெருக்கிக்கோ போய்விடும். அதே ஆலயத்தில் ஜெபம் பண்ணுகிறவரின் வீட்டு வாடகை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், அவர் மனைவியின் சர்க்கரை மாத்திரை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று கமிட்டியில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

எல்லாச் சபையிலும் இதே நிலைமை என்று சொல்ல முடியாது. கம்பம் பள்ளத்தாக்கின் சி.எஸ்.ஐ. சபைகள் மதுரை–இராமநாதபுரம் பேராயத்தைச் சேர்ந்தவை. பட்டணத்துப் பெரிய சபையும் மலையடிவாரத்துச் சிறு சபையும் தங்கள் பங்கைப் பேராயத்துக்குக் கட்டுகின்றன. சபைக் குருவான ஐயருக்குச் சம்பளம் பேராயத்திலிருந்து வருகிறது. சிறு சபையின் வறுமை ஐயர் வீட்டுப் பானையில் தெரியாமலிருக்கச் செய்த பழைய ஏற்பாடு இது. சபைக்குச் சபை கைகொடுப்பது என்பதன் அடிப்படை வடிவமும் இதுதான்.

மதுரை உயர்மறைமாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. குருக்களுக்குத் தகுந்த ஊதியமும், நோயிலும் முதுமையிலும் பாதுகாப்பும் வேண்டும் என்கிறது 281-ஆம் விதி. அதற்கான நிதியை மறைமாவட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது 1274. பலர் கவனிக்காதது 231-ஆம் விதி: திருச்சபைப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்கும் நியாயமான ஊதியம், காப்பீடு, மருத்துவ வசதி பெறும் உரிமை உண்டு. விடியற்காலையில் மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்கும், சாமியார் வராத கிளைக் கிராமத்தில் வழிபாடு நடத்துகிற உபதேசியாருக்கும் இது பொருந்தும். அவர்களில் பலருக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியாது.

எனக்கு அதிகக் கவலை தருவது மூன்றாவது கூட்டம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் கூலிக் குடும்பங்களை நம்பி, தகரக் கொட்டகையில் தனியாகச் சபை நடத்தும் பாஸ்டர்கள். மேலே பேராயமும் கிடையாது, மறைமாவட்டமும் கிடையாது. மழையால் தோட்டத்தில் வேலை நின்றால் அந்த வாரம் காணிக்கைப் பையும் காலி. இவர்களுக்குத்தான் இன்னொரு சபையின் துணை அவசியம். அந்தத் துணையில்தான் ஆபத்தும் இருக்கிறது.

முதல் ஆபத்து வெளிநாட்டுப் பணம். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து கூட்டத்தில் பேசுகிறார், மனமிரங்கி மாதாமாதம் அனுப்புவதாகச் சொல்கிறார், பாஸ்டர் தன் சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுக்கிறார். இருவருமே நல்லவர்கள். ஆனால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, சபைப் பணிக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெற்ற அமைப்பும் அந்தப் பணத்தை டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஒரு பெரிய அமைப்பு தன் வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ‘அவங்க கணக்கில் வாங்கி நமக்குத் தந்துடுவாங்க’ என்ற வழி அத்தோடு அடைபட்டது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவன் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகச் சபைக்கு அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவனுடைய அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகக் கவரில் வைத்துத் தந்தாலும் அப்படியே. ஆகவே பணம் அனுப்புகிறவரின் குடியுரிமையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்; கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு இல்லாமல் முடியாது என்று நினைப்பவர்கள் பாளையங்கோட்டையை நினைத்துப் பார்க்கலாம். இந்திய மிஷனரி சங்கம் 1903-இல் அங்கே தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் வி.எஸ். அசரியா. திருநெல்வேலிச் சபைகள் நம்மவர் பணத்தைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பித் தாங்கின. அதோடு ஒப்பிட்டால், தேனியிலோ மதுரையிலோ உள்ள ஒரு சபை தேவாரத்துச் சிறு சபையைத் தாங்குவது பெரிய காரியமே இல்லை.

தாங்குவதை வாய்ப்பேச்சில் விடுவது இரண்டாவது ஆபத்து; இரு கமிட்டியும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, நிறுத்துவதானால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஊழியரின் குடும்பப் படியும் கட்டட நிதியும் வேறு வேறு கணக்கில் போகட்டும். நிலம் வாங்கினால் பாஸ்டர் பெயரில் பத்திரம் வேண்டாம்; சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிந்து அதன் பெயரில் வாங்குங்கள். அவர் காலமானால் வாரிசுகளுக்கும் சபைக்கும் வழக்கு வருவது இந்த ஒரு கவனக்குறைவால்தான். அதேபோல், கட்டடத்துக்காக அவர் தன் பெயரில் கடன் வாங்கவும் விடாதீர்கள். வட்டிக்காரர் வந்து நிற்பது குருமனை வாசலில்.

உதவும் சபை செய்யக்கூடிய இன்னொன்று, ஊழியரை அரசுத் திட்டங்களில் சேர்த்துவிடுவது. தேவாலயங்களில் பணிபுரியும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. விபத்து, இறப்பு, பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு என்று பல உதவிகள் அதில் உண்டு. தேனி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் வங்கியிலேயே கிடைக்கின்றன. 40 வயதுக்குள் இருப்பவர், வருமான வரி கட்டாதவராக இருந்தால், அடல் ஓய்வூதியத்தில் சேரலாம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் க.விலக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. இந்த விண்ணப்பங்களை நிரப்பித் தர ஓர் இளைஞரை அனுப்புவதும் ஊழியம்தான்.

பணத்தைவிடப் பேசத் தயங்குவது மனச்சோர்வைப் பற்றி. ஊரார் துக்கமெல்லாம் ஊழியர் காதில் விழுகிறது; அவர் துக்கத்தைச் சொல்ல ஆளில்லை. சபையாரிடம் சொன்னால் ‘விசுவாசம் குறைஞ்சுபோச்சு’ என்பார்கள். துணைச் சபையின் ஐயர் மாதம் ஒருமுறை வந்து ஒரு ஞாயிறு பிரசங்கத்தை ஏற்றுக்கொண்டால் இவருக்கு ஓய்வு கிடைக்கும், பேச ஓர் ஆளும் கிடைப்பார். பங்குத்தந்தைக்கு ஆண்டில் ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு என்று கத்தோலிக்கச் சட்டமே சொல்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில், இலவசமாக, எந்நேரமும் பேசலாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது 2017 மனநலச் சட்டம் தரும் உரிமை.

இரு சபைகளும் சேர்ந்து சமூகப் பணியும் செய்யலாம்; ஆனால் சமூகப் பணி என்றதும் பலர் குழந்தைகள் இல்லம் திறக்கப் பார்க்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவில்லாமல் இல்லம் நடத்துவது ஓராண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். பிள்ளைகளைப் பெற்றோரிடமே வைத்துப் படிப்புச் செலவைத் தருவது மேல். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் எனும் அக்கம்பக்கக் குழுக்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் வீடு தேடிப் போய்ச் செய்வது இப்படிப்பட்ட உதவிதான்.

எந்த உதவியானாலும், கணக்கு கேட்பது ஊழியரை அவமதிப்பதாகாது. விசுவாசிகள் தந்த காணிக்கைக்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது கத்தோலிக்கச் சட்டத்தின் 1287-ஆம் விதி. சங்கமாகப் பதிந்த சபையில் முறைகேடு இருந்தால் 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம். பொது அறக்கட்டளையானால், அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில், நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடரலாம். ஊழியரின் குடும்பத்துக்கும் வழி இருக்கிறது: ஊழியர் இறந்தபின் குருமனையைக் காலி செய்யச் சொல்லி, வரவேண்டிய தொகையையும் தராமல் இழுத்தடித்தால், அவர் மனைவி உத்தமபாளையம் நீதிமன்ற வளாகத்தின் வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள்.