மண்ணுக்குள் ஒளித்த உரிமைப் பத்திரம்

1913 பிப்ரவரியில், அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து ஃபோர்ட் பியர் ஊரில், குன்றின் மேல் சுற்றிக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளின் கண்ணில் ஓர் ஈயத் தகடு பட்டது. எடைக்குப் போட்டால் காசாகுமே என்ற யோசனைதான் முதலில் வந்தது. நல்லவேளை, அதற்குள் மாநில வரலாற்றுக் கழகத்தின் காதுக்குச் செய்தி எட்டிவிட்டது.

தகட்டின் முன்பக்கத்தில் பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயியின் பெயரும் 1741 என்ற ஆண்டும் லத்தீனில் இருந்தன. பின்பக்கத்தில், அவசரமாகக் கீறிய பிரெஞ்சு எழுத்தில், 1743 மார்ச் 30. மேற்குக் கடலுக்கு வழி தேடிப்போன லா வெரென்ட்ரி சகோதரர்கள், அந்த நிலத்தைத் தங்கள் மன்னருக்கு உரிமை கோரிப் புதைத்தது அது. மேலே கற்களைக் குவித்துவிட்டு, தாங்கள் வந்துபோனதன் நினைவுக்கு இது என்று அங்கிருந்த பழங்குடியினரிடம் சொன்னார்கள். அடியில் தகடு இருப்பதை மட்டும் சொல்லவில்லை. இதைத் தங்கள் பயணக் குறிப்பிலும் கூசாமல் எழுதிவைத்தார்கள்!

நிலத்துக்காரருக்குத் தெரியாமல் நிலத்துக்குப் பத்திரம் எழுதுவது அன்றைய வழக்கம். 1749-இல் பிரெஞ்சு அதிகாரி செலரோன் தெ பிளென்வில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு ஓடங்களில் ஒஹையோ நதி வழியே போனார். கிளை ஆறுகள் கூடும் இடங்களில் ஈயத் தகடுகளைப் புதைத்தார். அரச முத்திரை பொறித்த உலோகத் தகடுகளை மரங்களில் அறைந்தார். ஈயத் தகட்டு வாசகம் முன்கூட்டியே பொறிக்கப்பட்டது. இடத்துக்கும் தேதிக்கும் மட்டும், அரசாங்கப் படிவம்போல, வெற்றிடம் விட்டிருந்தார்கள்.

அவற்றில் ஒன்றை 1798-இல் மஸ்கிங்கம் ஆற்றில் குளிக்கப்போன சிறுவர்கள் கண்டெடுத்தார்கள். ஒரு பகுதியை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தாயிற்று. தப்பிய துண்டு மாசசூசெட்ஸில் உள்ள அமெரிக்கத் தொல்பொருள் கழகத்துக்குப் போனது. 1846-இல் பாயிண்ட் பிளெசன்ட்டில் கிடைத்த தகடு முழுசாகவே தப்பியது. அது இப்போது ரிச்மண்டில், வர்ஜீனியா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைக் கண்டெடுத்ததும் ஒரு சிறுவன்தான். இவை வெளியே வந்தபோது பிரான்ஸின் உரிமை எப்போதோ செத்துப்போயிருந்தது. 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை ஒஹையோ பள்ளத்தாக்கை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டது.

எல்லாத் தகடும் அத்தனை காலம் மறைந்திருக்கவில்லை. செலரோனின் தகடுகளில் ஒன்று இரோகுவா பழங்குடி மக்களின் கைக்குச் சீக்கிரமே சிக்கியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, நியூயார்க்கில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற வில்லியம் ஜான்சனிடம் கொண்டுபோனார்கள். அவர் விடுவாரா? பிரெஞ்சுக்காரர்கள் உங்கள் நிலத்தையே பறிக்கப் பார்க்கிறார்கள் என்று விளக்கினார். ஜான்சனின் உள்நோக்கம் வேறு. ஆனால் அந்த விளக்கத்தில் பொய் அதிகமில்லை.