களத்து மேட்டில் களி விருந்து

பிதுக்குப் பருப்பைத் தனி ஆளாக உட்கார்ந்து பிதுக்கிப் பார்த்திருக்கிறீர்களா சகோதரிகளே? ஒரு கிலோ முடிப்பதற்குள் கட்டை விரல் கன்றிப் போகும். முதுகு பிடித்துக்கொள்ளும். ஊறும்போது குண்டான் நிறையத் தெரிந்த கொட்டை, தோல் போனபிறகு பாதியாகத்தான் தெரியும். எங்கள் தர்மபுரிப் பக்கம் மார்கழி, தை வந்துவிட்டால் சந்தை முழுக்கப் பச்சை மொச்சைதான். வாங்காமல் வரவும் மனசு வராது, வாங்கிவிட்டால் வேலையும் நடக்காது!

போன தை மாதம் அப்படி ஐந்து கிலோ காயை வாங்கி வந்தேன். காரணம் எங்கள் அத்தை. எழுபத்தெட்டு வயசு. ஒரு நாள் காலையில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர், "ரெண்டு புள்ளைங்களும் ஒரே எடத்துல உக்காந்து சாப்புடறத ஒரு தடவ பாத்துட்டாப் போதும் கண்ணு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மூத்தவர் வீடு எதிர் வீடுதான். ஆனால் நானும் ஓரகத்தியும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் முறையில் ஆரம்பித்த சண்டை. எதில் போய் முடிந்தது என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது.

தைப் பௌர்ணமியன்று களத்திலேயே நிலாச்சோறு வைப்பது என்று தீர்மானித்தேன். "பிரியாணிக்குச் சொல்லிடலாம்மா, நாற்காலி வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றாள் மகள். இருபது பேருக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டதும் தலை சுற்றியது. தவிர, பனியில் பத்து நிமிஷத்தில் ஆறி, நெய் உறைந்து போகிற சாப்பாட்டை விருந்தாளிக்கு எப்படி வைப்பது? களியும் குழம்பும் என்றால் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார வைத்துச் சுடச்சுடப் போடலாம்.

முதல் நாள் இரவே கொட்டையை உரித்து ஊற வைத்தாயிற்று. மறுநாள் மத்தியானம் பார்த்தால் கால்வாசிகூடப் பிதுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மகளை எதிர் வீட்டுக்கு அனுப்பினேன். "விருந்துக்கு வாங்கன்னு சொல்லாதே. பருப்பு பிதுக்க ஆள் இல்லே, அம்மா தவிக்கிறாங்கன்னு சொல்லு" என்றேன். விருந்துக்குக் கூப்பிட்டால் நம் பெண்கள் பிகு செய்வார்கள். வேலைக்குக் கூப்பிட்டால் மறுக்க மாட்டார்கள், என் அனுபவம் இது.

ஓரகத்தி மருமகளோடு வந்தார், கையில் முறத்துடன். என் முகத்தைப் பார்க்கவில்லை. கை மட்டும் பரபரவென்று ஓடியது. கால் மணி நேரம் கழித்து, "இன்னும் ரெண்டு மணி நேரம் ஊற விட்டிருக்கலாம்" என்றார். "ஆமாங்கக்கா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நாலு மணிக்குள் அத்தனையும் முடிந்துவிட்டது.

குழம்புக்கு அரைக் கிலோ பருப்பின் கணக்கு சொல்கிறேன். மல்லி மூன்று ஸ்பூன், காய்ந்த மிளகாய் எட்டு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, கசகசா ஒரு ஸ்பூன், இவற்றை வறுத்து, ஒரு மூடி தேங்காயோடு அரைத்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெயில் சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், இஞ்சி, தக்காளி மூன்று வதக்கி, பருப்பைப் போட்டுத் தண்ணீர் விட்டு வேக விடுங்கள். முக்கால் வேக்காட்டில் அரைத்ததைச் சேருங்கள். பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், அடிக்கடி கரண்டி போட்டால் உடைந்து கூழாகிவிடும். வாயு என்று பயப்படுகிற பெரியவர்கள் இருந்தால் இஞ்சி, பூண்டைக் குறைக்காதீர்கள்.

களிக்கு இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவு, அரை டம்ளர் அரிசி நொய், ஐந்து டம்ளர் தண்ணீர். நொய் நன்றாகக் குழைந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி செய்து, கிளறாமல் மூடி ஏழெட்டு நிமிஷம் விடுங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். உடனே கிளறினால் கட்டி தட்டும். பிறகு அனலைக் குறைத்து, ஒருவர் பானையை அழுத்திப் பிடிக்க, ஒருவர் கிண்ட வேண்டும். எங்கள் வீட்டில் மூத்தவர் பிடித்தார், இவர் கிண்டினார். நான் சொல்லி வைத்ததல்ல. மொத்தக் களியையும் ஒரே தடவையில் கிண்டி வைக்காதீர்கள். முதல் பந்தி உட்காரும்போது ஒரு பானை, அது முடியும்போது அடுத்தது.

தண்ணீரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. கொதித்துச் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு செறிவு கூடத்தான் செய்யும். களி தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் பண்டம் அல்லவா? அதனால் 2013-ல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்து மூடி வைத்தேன். சமையலுக்கு அது, கை கழுவ, பாத்திரம் துலக்கக் கிணற்றுத் தண்ணீர்.

கேழ்வரகு நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைகளுக்கு நல்லது. 2023 மே மாதம் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 'களி தின்கிற ஊர்' என்று கேலி கேட்டே வளர்ந்தவள் நான். அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆறரைக்கே பந்தி போட்டோம். பெரியவர்களுக்குத் தலையில் துண்டு, கீழே சாக்கு விரித்து அதன்மேல் ஜமக்காளம். காற்று வரும் பக்கம் அடுப்பு, மறுபக்கம் பந்தி என்று வைத்தால் புகையில் கண் எரியும். அடுப்பை எதிர்ப்பக்கம் போடுங்கள். நைலான் பாவாடை கட்டிய குழந்தைகளை நெருப்புப் பக்கம் விடவே கூடாது. களியைப் பெரியவர்கள் மெல்லாமல் விழுங்குவார்கள், சின்னக் குழந்தைகளுக்கு அப்படிக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். கொள்ளு ரசத்தில் நன்றாகக் கரைத்து ஊட்டுங்கள். கடைசியில் எல்லோருக்கும் வெல்லம் போட்ட சுக்கு மல்லிக் காபி.

அத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். "குழம்புல உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். ஓரகத்தி சட்டென்று, "நாந்தான் அத்தே பாத்துப் போட்டேன்" என்றார். உண்மையில் போட்டது நான்.

மிஞ்சிய களியை உருண்டையாகத் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தபோது, சின்ன வெங்காயத்தை உரித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டிலிருந்து அக்கா வந்தார்.