இஞ்சின் விளக்கு எரிகிறதா? டேர்போ கார் வைத்திருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

2020 மார்ச் மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்வதற்கான அனுமதி 2025 பெப்ரவரியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில், நாட்டுக்குள் ஏற்கனவே இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. ஓடாமல் கிடந்த கார்களுக்கும் விலை வந்தது. சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற பழைய டேர்போ கார்களை ஆசையோடு வாங்கியவர்கள், ஒரு காணி வாங்கக்கூடிய பணத்தை அவற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கார்களில் இஞ்சின் உடைந்தால் மாற்று இஞ்சின் தேடிப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கிடைத்தாலும் அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே டாஷ்போர்டில் எரியும் அந்தச் சிறிய மஞ்சள் விளக்கைச் சரியாகப் புரிந்துகொள்வது பல இலட்சம் ரூபா பெறுமதியான விடயம். அதே காலத்து ஜப்பானிய நான்கு சிலிண்டர் டேர்போ கார் ஒன்றை ஒன்பது வருடங்களாக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஓட்டி வருகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் விளக்கு எரிந்தவுடன் நண்பர்கள் முதலில் தொலைபேசி எடுப்பது எனக்குத்தான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு விளக்கும் மஞ்சள் விளக்கும் ஒன்றல்ல. எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தால் இஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். "வீடு இன்னும் இரண்டு கிலோமீற்றர்தானே" என்று ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். டேர்போவின் சுழல்தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள் சுற்றக்கூடியது. பெரும்பாலான டேர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். வெப்பநிலை விளக்கு சிவப்பாக எரிந்தாலும் இதே விதிதான்.

இஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு இரண்டு விதமாகப் பேசும். விடாமல் எரிந்தால், கணினி ஒரு கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள். கார் வழமைபோல ஓடினால், வேகத்தை அடக்கி, டேர்போ அழுத்தம் ஏறாதபடி மெதுவாக மிதித்து கராஜ்வரை போகலாம்.

மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை, அது வினையூக்கி மாற்றியைப் பழுதாக்கும் அளவுக்குப் போய்விட்டது என்பதே அதன் செய்தி. எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியாகப் போய் மாற்றிக்குள் எரியும். அதன் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைபடலாம். அடைபட்டால் புகை வெளியேற வழியில்லாமல் டேர்போவும் இஞ்சினும் கூடவே திணறும். விளக்கு மின்னினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். அப்போதும் மின்னுவது நிற்காவிட்டால் காரை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு விடயம். சுபாருவின் பல மாதிரிகளில் இஞ்சின் விளக்கு எரிந்தவுடன் குரூஸ் விளக்கும் மின்னத் தொடங்கும், வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கும் எரியும். மூன்று இடத்தில் பழுது என்று பயப்பட வேண்டாம். இஞ்சினில் கோளாறு இருப்பதால் மற்ற இரண்டையும் கணினியே நிறுத்தி வைக்கிறது.

இலக்கம் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பொது முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இல் அதுபோன்ற விதி வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு சொக்கற் இருக்கும். அதில் ஒரு சிறிய புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கைத்தொலைபேசியிலேயே கோளாறு இலக்கத்தை வாசிக்கலாம். 1990களின் ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. அவற்றில் குறிப்பிட்ட முனைகளை இணைத்தால் விளக்கே மின்னி இலக்கத்தைச் சொல்லும். பல கார்களில் நீண்ட மின்னல் பத்தையும் குறுகிய மின்னல் ஒன்றையும் குறிக்கும்.

பி 0301 என்றால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பி 0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போதவில்லை. பி 0299 என்றால் டேர்போ அழுத்தம் குறைவு. பி 0420 என்றால் வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் இலக்கம் சொல்வது நோயின் அறிகுறியை மட்டுமே. பி 0171 வந்தவுடன் ஒட்சிசன் சென்சரை மாற்றுவது, காய்ச்சல் காட்டியது என்பதற்காக வெப்பமானியை மாற்றுவது போன்றது.

ஏ9 வீதியில் எனக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். மாங்குளம் தாண்டி ஒரு லொறியை முந்த மிதித்தபோது கார் உதறியது, விளக்கு மின்னியது. நிறுத்தி ஸ்கேனரைப் போட்டால் பி 0303, அதாவது மூன்றாம் சிலிண்டர். லொறி ஒன்றில் ஏற்றி வழியில் இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் இலக்கத்தைப் பார்த்ததும், "தம்பி, டேர்போ கார் எண்டால் இப்பிடித்தான். ஹெட்டைக் கழட்டாமல் ஒண்டும் சொல்லேலாது" என்றார். ஹெட் கழற்றும் வேலை என்றால் இலட்சக்கணக்கில் போகும்.

"அண்ணை, அதுக்கு முதல் கொயிலை ஒருக்கா மாத்திப் பாப்பம்" என்று கேட்டேன். மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் கொயிலை முதலாம் சிலிண்டருக்கும், முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றிப் போட்டு, பழைய இலக்கத்தை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். சற்று நேரத்தில் வந்த இலக்கம் பி 0301. கோளாறு கொயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. ஆகவே பழுது கொயிலில், சிலிண்டரில் அல்ல. கொயிலை மாற்றியும் இலக்கம் மூன்றிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், அதன் பிறகுதான் கம்பிரஷன் சோதனை. அந்தச் சோதனைக்கும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை, பிளக்கைக் கழற்றினால் போதும்.

டேர்போ இஞ்சினில் கொயிலும் பிளக்கும் முதலில் சோர்வதற்குக் காரணம் உண்டு. டேர்போ காற்றை அழுத்தி அனுப்புவதால் சிலிண்டருக்குள் கலவை அடர்த்தியாக இருக்கும். அதற்குள் தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். பலவீனமான கொயில் சும்மா நிற்கும்போது சமாளித்துவிடும், மிதித்தால் தோற்றுப் போகும். பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலும் இதே கதைதான்.

காற்று எங்கே கசிகிறது?

பழைய டேர்போ கார்களில் இறப்பர் குழாய்கள் வெடித்திருப்பது சாதாரணம். கசிவு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். காற்றை அளக்கும் சென்சருக்கும் இஞ்சினுக்கும் இடையில் உள்ள டேர்போக் குழாய் கசிந்தால், அளந்த காற்றில் ஒரு பகுதி மிதிக்கும்போது வெளியே போய்விடும். கணினி முழுக் காற்றுக்கும் பெற்றோல் ஊற்றும். கரும்புகை, வலு இழப்பு, சீறும் சத்தம் மூன்றும் சேர்ந்து வரும். மாறாக, இன்டேக் மனிஃபோல்டில் ஓட்டை இருந்தால், இஞ்சின் சும்மா நிற்கும்போது அளக்கப்படாத காற்று உள்ளே இழுபடும். அப்போது பெற்றோல் போதாது என்ற பி 0171 வரும்.

ஸ்கேனரில் 'ஃபியூவல் ட்ரிம்' என்று ஒரு வீதம் காட்டும். கணினி தன் வழமையான கணக்குக்கு மேல் எவ்வளவு பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அது. பூச்சியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. சும்மா நிற்கும்போது மட்டும் மிக உயர்ந்து, ஓடும்போது சீராகினால் மனிஃபோல்ட் கசிவைத் தேடுங்கள். வேகம் கூடக்கூட உயர்ந்தால் பெற்றோல் பம்பையும் வடிகட்டியையும் பாருங்கள். எண்ணெய் தடவிய அலங்கார எயார் ஃபில்டர் பூட்டியவர்கள் காற்றளக்கும் சென்சரையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணெய் சென்சரின் மெல்லிய கம்பியில் படிந்தால் அளவு பிழைக்கும்.

டேர்போ காரில் இந்தக் குறைபாட்டோடு மிதிப்பதுதான் ஆபத்து. பெற்றோல் குறைந்த கலவை அழுத்தத்தின்கீழ் எரியும்போது சூடு ஏறி, தட்டல் எனப்படும் கட்டுப்பாடற்ற வெடிப்பு உண்டாகும். சில நொடிகளில் பிஸ்டன் வெடித்துவிடலாம்.

தட்டலுக்கு இன்னொரு காரணம் ஒக்டேன். எங்கள் நிரப்பு நிலையங்களில் பெரும்பாலும் 92, 95 என்ற வகைப் பெற்றோல் கிடைக்கிறது. உயர் ஒக்டேனுக்காகச் செய்யப்பட்ட டேர்போ இஞ்சினுக்கு 92 போதாது. 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை ஊற்றி ஓடியவர்கள் பலர். அப்படி ஊற்ற நேர்ந்தால் டேர்போ அழுத்தம் ஏறாமல் நிதானமாக ஓட்டுவதே வழி. தட்டலைக் கேட்கும் சென்சர் தீப்பொறியைப் பின்தள்ளி ஓரளவு காப்பாற்றும். அதற்கும் எல்லை உண்டு.

அமெரிக்கக் காணொளிகளில் முதலில் சொல்லப்படுவது "பெற்றோல் மூடியை இறுக்குங்கள்" என்பது. அங்கே பெற்றோல் ஆவிக் கசிவைக் கார் தானே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய விதி அதைக் கோரவில்லை. எங்களிடம் உள்ள கார்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்டவை அல்ல. மூடியை இறுக்குவதில் நட்டமில்லை. அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

அழிப்பது திருத்துவதல்ல

பற்றரியைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலான கார்களில் விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். கூடவே, கோளாறு வந்த நொடியில் இஞ்சின் வேகம், வெப்பநிலை, சுமை எவ்வளவு என்று கணினி பதிந்து வைத்த தகவலும் அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிக நல்ல தடயம் அது. அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

பழைய டேர்போ கார் வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். இஞ்சின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். சாவி திருப்பும்போதே எரியாவிட்டால் பல்பைக் கழற்றியிருக்கலாம், மறைத்திருக்கலாம். அடுத்து ஸ்கேனரில், கார் தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும் பக்கத்தைத் திறவுங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று இருந்தால், அண்மையில் இலக்கங்களை அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாட்கள் ஓடிய பிறகு மீண்டும் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

பி 0420 வந்தால் குனிந்து கீழேயும் பாருங்கள். வினையூக்கி மாற்றிக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதை வெட்டி விற்றுவிட்டு வெறும் குழாயைப் பூட்டியிருப்பவர்கள் உண்டு. வருமான உத்தரவுப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை எடுக்கும்போது அந்தச் சுமை உங்கள் தலையில் விழும்.

காருக்குள் எப்போதும் நான் வைத்திருப்பவை நான்கு. ஒரு சிறிய ஸ்கேனர், ஒரு மேலதிகக் கொயில், பிளக் கழற்றும் சாவி, இலக்கங்களைத் திகதியோடும் கிலோமீற்றரோடும் எழுதும் ஒரு கொப்பி. எந்தக் கராஜுக்குப் போனாலும் முதலில் அந்தக் கொப்பியைத்தான் நீட்டுவேன். நல்ல மெக்கானிக் என்றால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அதை வாசிப்பார்.