நின்ற நடை தொடரட்டும்

நற்பழக்கம் ஒன்றைத் தொடங்குவது எளிது. இடையில் நின்றதை மீண்டும் தொடங்குவதே அரிது. ஆர்வத்துடன் மேற்கொண்ட காலை நடைப்பயிற்சி காய்ச்சலாலோ, மழையாலோ, அலுவலகச் சுற்றுப்பயணத்தாலோ, தேர்வாலோ தடைபடுகிறது. இரண்டு நாள் இடைவெளி இரண்டு மாதமாக நீள்கிறது. 'இது நம்மால் இயலாது' என்ற முடிவுக்கு மனம் வந்துவிடுகிறது.

இது தனிமனிதரின் சிக்கல் மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வொன்று, 2021-இல் நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 31.5 கோடிப் பேருக்கு மிகை இரத்த அழுத்தமும் இருந்ததாக மதிப்பிட்டது. இந்நோய்களைக் கட்டுப்படுத்த மருந்துடன் உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் வாழ்நாள் முழுவதும் தேவை. அத்தனை நீண்ட காலம் கடைப்பிடிக்க வேண்டிய எதுவும் சிற்சில வேளைகளில் தடைபடவே செய்யும். ஆகவே, தவறாதிருக்கும் உறுதியைப் போலவே, தவறியபின் மீளும் திறனும் இன்றியமையாதது.

தவறுதலும் வீழ்ச்சியும்

மது, புகை முதலியவற்றைக் கைவிட்டோர் மீண்டும் அவற்றை நாடுவது ஏன் என அமெரிக்க உளவியல் அறிஞர் ஆலன் மார்லட் ஆராய்ந்தார். ஒருமுறை தவறுவது வேறு. முற்றிலும் பழைய நிலைக்கு வீழ்வது வேறு என்பதை, ஜூடித் கார்டனுடன் இணைந்து 1985-இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். தவறுதலைத் தம் குணக்குறையாகக் கருதிக் குற்றவுணர்வில் ஆழ்பவரே வீழ்ச்சிக்கு எளிதில் ஆளாகிறார். சூழ்நிலையே காரணம் என உணர்பவர் அதை மாற்ற முற்படுகிறார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வும் நம்பிக்கையளிக்கிறது. ஒரு செயல் பழக்கமாகப் படிய 18 முதல் 254 நாள்கள் வரை ஆகலாம் என அது மதிப்பிட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதும் பாதிக்கவில்லை.

மீளும் வழி

முதலாவதாக, தடைக்கான காரணத்தைக் கண்டறிய வேண்டும். மழை காரணமெனில், மழை நாளில் வீட்டிற்குள் செய்யத்தக்க பயிற்சியை முன்னரே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவதாக, அளவைக் குறைத்துத் தொடங்குதல் நன்று. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும் மீளும் நாளில் பத்து நிமிட நடையே போதும். மூன்றாவதாக, காலைத் தேநீருக்குப் பின் என்பது போல, நாள்தோறும் தவறாது நிகழும் ஒன்றுடன் அதனை இணைத்துக்கொள்ள வேண்டும். ஊக்கம் பிறக்கட்டும் எனக் காத்திருத்தல் பயன் தராது; பெரும்பாலும் செயலைத் தொடர்ந்தே ஊக்கம் பிறக்கிறது.

மருந்து மட்டும் இதற்கு விலக்கு. விடுபட்ட மருந்தை ஈடுசெய்யத் தாமாகவே இரு மடங்கு உட்கொள்ளலாகாது. மருத்துவரின் அறிவுரையை உடனே பெற வேண்டும்.

பணியாளர் கடமை

சிகிச்சையை இடையில் விட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் திரும்பி வருபவரை முதலில் வரவேற்பது கடிந்துரையாயின், அவர் மறுமுறை வரத் தயங்குவார். 'ஏன் விட்டீர்கள்?' என்பதைவிட, 'என்ன தடை நேர்ந்தது? எந்நாளில் மீண்டும் தொடங்கலாம்?' எனக் கேட்பதே பயன் தரும். திரும்பி வந்தவர் முதற்படியைக் கடந்துவிட்டார். அடுத்த படிக்கு அவருக்குத் துணை நிற்பது நம் கடமையாகும்.